அலவாங்கு அண்ணை பெயர்த்த கோழித் தரை

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் அலவாங்கு அண்ணையிடம் ஏச்சு வாங்காத தமிழன் ஒருவன் இருந்தால், அவன் நேற்றுத்தான் விமானத்தால் இறங்கியிருக்க வேண்டும். எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் மனிதர் அலவாங்கு என்கிற அந்த இரும்புக் கடப்பாரையும் கையுமாக வந்து, ஏற்கெனவே இருப்பதைப் பெயர்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். திறந்தால் மூடமாட்டார். அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஊர்த் தோட்டச் சங்கத்திடம் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த சின்னத் தோட்டத்தில் ஐந்து கோழிகள் இருந்தன. அவற்றின் மேல் என் மனைவி வைத்திருந்த பாசத்தில் பாதி கிடைத்திருந்தாலே எனக்குப் போதும். மழைக்காலத்தில் கோழி முற்றம் சேறாகி நாறியது. சங்கத் தலைவர் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "அடுத்த முறை நான் வரும்போதும் இப்படி இருந்தால் கோழிகள் இங்கே இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் முதுகு முறிய முற்றம் முழுக்கக் கொங்கிறீற்றுக் கல் பதித்தேன். தண்ணீர் அடித்தால் பளிச்சென்று இருந்தது. சில நாளில் மண்ணிறக் கோழி நொண்டத் தொடங்கியது. பாதம் சிவந்து வீங்கியிருந்தது. மனைவி அழுதுகொண்டே யாருக்குப் போன் எடுத்தாள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால், நான் பதித்த கல்லெல்லாம் வாசலில் குவிந்து கிடந்தது. நடுச் சேற்றில் வெறுங்காலோடு அண்ணை.

"ஆரைக் கேட்டு அண்ணை இதைக் கிளப்பினனீங்கள்?"

"கோழியைக் கேட்டனான். நீர் கேட்டனீரோ? சப்பாத்தைக் கழட்டிப்போட்டு அந்தக் கல்லிலை கொஞ்சநேரம் நில்லும் பாப்பம்!"

நின்றேன். குளிர் முழங்கால் வரை ஏறியது. அவரிடம் அதைச் சொல்வேனா?

பிறகு என்னைக் கட்டடச் சாமான் கடைக்கு இழுத்துப் போனார். அங்கேயும் சப்பாத்தைக் கழற்றித் தள்ளுவண்டிக்குள் போட்டுவிட்டு, காட்சிக்கு வைத்திருந்த ஒவ்வொன்றிலும் ஏறி மிதித்தார். சரளைக் கல் குத்துதாம். மரப்பட்டை ஊறிப் பூஞ்சணம் பிடிக்குமாம். மரத்தூளுக்குள் மூக்கை விட்டுத் தும்மிய தும்மலில் கடைப்பெண் ஓடி வந்தாள்.

"என்ர மூக்குக்கே ஏலாது, கோழி என்னெண்டு மூச்சு விடும்? கேளும் அவளை!"

நான் அந்த ஏச்சை ஜெர்மன் மொழியில் மன்னிப்பாக மாற்றிச் சொன்னேன்.

கடைசியில் முற்றத்துச் சேற்றை வழித்தெடுத்து, மணல் கொட்டி, அதன்மேல் மரச் சில்லுகளைத் தடிப்பாகப் பரப்பினோம். கூட்டுக்குள் தூசு இல்லாத மரச்சீவல். மண்ணிறக் கோழி காலை ஊன்றி நடந்து கிளறத் தொடங்கியது.

தலைவர் வந்த அன்று அண்ணை வாசலை மறித்தார். தெருவின் அழுக்கைத் தன் தரையில் மிதிக்க விடமாட்டாராம்.

"சப்பாத்தோட ஒருத்தரும் உள்ளுக்கை போகேலாது எண்டு சொல்லும்!"

எனக்குத் தலையிலடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பயந்து பயந்து சொன்னேன். தலைவர் என்னைப் பார்த்தார், அலவாங்கைப் பார்த்தார், சப்பாத்தைக் கழற்றினார். காலுறையோடு ஒரு சுற்று நடந்து, ஒரு கைப்பிடி சில்லை அள்ளி மணந்து பார்த்து, "கோழிகள் இருக்கட்டும்" என்றார். திரும்பி வந்தபோது மண்ணிறக் கோழி அவர் சப்பாத்துக்குள் எச்சமிட்டிருந்தது. அதற்கும் அண்ணை என்னைத்தான் ஏசினார்.

இப்போது அண்ணை ஆஹென் நகரில் மகளோடு இருக்கிறார். வாசலை மறிக்க ஆளில்லை. ஆனாலும் உறைபனியில்கூடச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கால் விறைக்க விறைக்க அவரை ஏசிக்கொண்டுதான் உள்ளே போகிறேன். பக்கத்தில் நின்று திருப்பி ஏச அந்த மனிதர் இல்லையே, அதுதான் எனக்குப் பெரிய கோபம்.