பப்பாளிக் குழலும் தீப்பெட்டியும்

உத்திரமேரூர் ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் திருவிழாதான். வண்டி கட்டி வந்தவர்கள் என்ன, சைக்கிளில் வந்தவர்கள் என்ன, நடந்தே வந்தவர்கள் என்ன! எல்லாரும் வயிற்றைக் காட்ட வந்தவர்கள். யாரோ சோற்றில் கலந்து வைத்த வசிய மருந்து உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். அதை எடுக்க வேதகிரி சாமி வந்திருக்கிறார். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. பப்பாளி இலைக்காம்பில் வெட்டிய ஒரு குழல். ஒரு முனை தொப்புளில், மறு முனை சாமியின் வாயில். கண்ணை மூடி ஓர் உறிஞ்சு. தூ என்று இலையில் துப்பினால் கறுப்பாக ஓர் உருண்டை. தோல் கிழியாமல் குடலிலிருந்து உருண்டை எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வாய் வேண்டுமே. எல்லா வாயும் ஆவென்று திறந்திருந்தது.

அந்த வருஷம் அந்த வட்டாரத்தில் மருந்து வைக்கப்படாத வயிறே இல்லை. வைத்தவர்களுக்குச் சோறு பொங்க எப்படித்தான் நேரம் கிடைத்ததோ.

வரிசையில் ஞானதாசும் நின்றான். வரப்பில் அண்டை வெட்டி, நாற்றுச் சுமந்து பிழைக்கிற கூலிக்காரன். தலை நரைக்கும்போது முதியோர் பள்ளிக்குப் போய் எழுத்துக் கூட்டக் கற்றவன். பஸ் போர்டைப் படித்து நாலு பேருக்குச் சொல்லுவான். தன்னை ஏமாற்ற இனிமேல்தான் ஒருத்தன் பிறந்து வரவேண்டும் என்று அவனுக்கு நினைப்பு. வேதகிரி முன்னாடியே பிறந்திருந்தான்.

கொஞ்ச நாளாக ஞானதாசுக்கு வயிற்றுவலி. நாற்றுக் கட்டைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துவிட்டது.

வேதகிரி உறிஞ்சினான், துப்பினான். உருண்டையை உற்றுப் பார்த்தான்.

"வயசானவ. பொம்பள. உனக்குச் சோறு போட்டுக்கீறா."

"எங்க மாமியாளா சாமி?"

"நான் சொல்லல. நீயே சொல்லிட்ட."

போதாதா? ஞானதாஸ் போர்டு படித்து பஸ் ஏறித் தென்னேரிக்குப் போனான். மாமியார் மார்த்தாள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, தெருவே கூடக் கத்தினான். "எனக்கு மருந்து வெச்சி மயக்கப் பாத்தியே, நீ நல்லாருப்பியா?" தன்னை மயக்கி மாமியார் என்னத்தைச் சுருட்டப் போகிறாள் என்று அவன் யோசிக்கவில்லை. அவனிடம் இருந்தது ஒரு மண்வெட்டி. அதுவும் பண்ணைக்காரருடையது.

திரும்பி வந்தபோது பெண்சாதி பவளம் துணிமூட்டை கட்டி வைத்திருந்தாள்.

"இந்தாய்யா, பெரியாஸ்பத்திரிக்கு வா. மருந்துதான்னு அவுங்க சொன்னா எங்கம்மா மூஞ்சில நான் முழிக்கமாட்டேன். இல்லன்னா, கத்துன அதே தெருவுல நின்னு நீ இல்லன்னு சொல்லணும். வரலன்னு வையி, நான் தென்னேரிக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன்."

"ஏம்மே பேஜார் பண்ற?" என்றான். ஆனால் கிளம்பிவிட்டான். பவளம் இல்லாத வீட்டில் அவனுக்கு ஒரு நாள் ஓடாது.

டாக்டர் மலத்தைச் சோதிக்க வேண்டும் என்றார். நாளைக்குத் தீப்பெட்டியில் கொஞ்சம் எடுத்து வரச் சொன்னார். ஞானதாஸ் கணக்குப் போட்டான். முடி, நகம், காலடி மண் கிடைத்தாலே சூனியம் வைக்கிற உலகம். இதைப்போய் முன்பின் தெரியாதவன் கையில் கொடுப்பதா? மறுநாள் காலை பவளத்துக்குத் தெரியாமல் பண்ணைக்காரரின் ஆட்டுக்கொட்டகைக்குள் புகுந்து வந்தான்.

லேப்பில் இருந்த முத்துகிருஷ்ணன் தீப்பெட்டியைத் திறந்தார். ஞானதாசை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாய்யா, தழை தின்றியா?"

"இல்ல சார்."

"அப்ப இது ஆட்டுப் புழுக்கை. ஆடும் வந்துகீதா, தனியா சீட்டு எழுதணுமா?"

பெஞ்சில் இருந்த நோயாளிகள் நோயை மறந்து சிரித்தார்கள். பவளம் தலையில் அடித்துக்கொண்டாள். "போய்யா, உன்னுதைக் கொண்டா!"

இந்தத் தடவை சொந்தச் சரக்கே வந்தது. முத்துகிருஷ்ணன் கண்ணாடிச் சில்லில் துளி உப்புநீர் விட்டுக் கலக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். "வா, நீயே பாரு." ஞானதாஸ் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். வட்ட வெளிச்சத்தில் மெல்லிய ஓட்டோடு குட்டிக் குட்டி முட்டைகள்.

"கொக்கிப்புழு முட்டை. உள்ள புழு ரத்தத்தை உறிஞ்சிக்கினு கீது, அதான் வெளுத்துப்போயிட்ட. ஜனங்க வெளிக்கு ஒதுங்கற வரப்புல வெறுங்காலோட நடக்கற இல்ல? மண்ணுல கீற புழு பாதத்தைத் துளைச்சி ஏறுது. மாத்திரை போட்டா போயிடும்."

பவளம் முந்தானையிலிருந்து இன்னொரு தீப்பெட்டி எடுத்தாள். வேதகிரி துப்பிய உருண்டை. எரித்துவிடச் சொல்லி அவன் ஞானதாசிடம் மடித்துக் கொடுத்ததை அவள் எரிக்கவில்லை. முத்துகிருஷ்ணன் அதையும் கரைத்துப் பார்த்தார்.

"சோறு, கரி, வெத்தல நரம்பு. நீ வெத்தல போடுவியா?"

"தொட்டதே இல்ல சார்."

"அந்தாளு?"

"எப்பப் பாத்தாலும் கொதப்பிக்கினேதான் கீறான்," என்றாள் பவளம்.

அடுத்த ஞாயிறு வரிசையில் பவளம் நின்றாள், கையில் ஒரு செம்புத் தண்ணீரோடு. குழலை எடுத்த வேதகிரியிடம் செம்பை நீட்டினாள். "வாயக் கொப்பளிச்சிட்டு எடு சாமி."

"வாயில அம்மன் குந்திகீறா. தண்ணி பட்டா எறங்கிடுவா."

"காலையில டீ குடிச்சியே, அப்ப எங்க குந்தினு இருந்தா?"

கூட்டத்தில் ஒருத்தன் சிரித்தான். ஒருத்தன் சிரித்தால் போதும், மற்றவர்களுக்கும் சிரிக்கத் தைரியம் வந்துவிடும். "கொப்பளியேன் சாமி!" என்று நாலு பக்கமும் குரல். வேதகிரி எழுந்து நழுவப் பார்த்தான். ஞானதாஸ் பாய்ந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தான். சாமி திமிறி இருமியதில் கன்னக் கதுப்பிலிருந்து கறுப்பு உருண்டைகள் தரையில் உதிர்ந்தன. பின்னால் நின்றவர்களின் வயிற்று மருந்தெல்லாம் முன்கூட்டியே தயாராக இருந்திருக்கிறது!

வேதகிரி ஓடினான். குழல் கிடந்தது. கூட்டம் அதைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தது. பிறகு ஓர் அம்மாள் பக்கத்துக்காரியிடம் மெல்லக் கேட்டாள்: "மதுராந்தகம் பக்கம் நெசமாவே எடுக்கறவரு ஒருத்தரு கீறாராமே?"

ஞானதாசுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. தென்னேரித் தெருவில் நின்று தொண்டையைக் கனைத்தான். "எங்க மாமியா மருந்து வெக்கல! எனக்கு வயித்துல புழு! நான் கத்துனது பொய்யி!"

தெரு சிரித்தது. மார்த்தாள் வெளியே வந்து, "அன்னிக்கு இதவிட சத்தமா கத்துன. இன்னொருவாட்டி சொல்லு," என்றாள். சொன்னான். பவளம் அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

எதிர்வீட்டுப் பெருமாள் மட்டும் சிரிக்கவில்லை. யோசனையோடு கேட்டார்: "அது சரி, அந்தப் புழுவ உள்ள வெச்சது யாரு?"

யாரும் வைக்கவில்லை அய்யா. எவள் வைத்தாள் என்று ஊரெல்லாம் தேடும் முன் நாம் மிதித்து நிற்பது என்ன என்று ஒருதரம் குனிந்து பாருங்கள். குனிந்தால் மூளை கொட்டிவிடாது, இருந்தால்தானே கொட்டும்.