நான் பொறுப்புங்க

'பேசி முடிப்பவர்' என்றோர் இனம் உண்டு. சண்டை மூண்ட வீட்டு வாசலில், யாரும் கூப்பிடாமலே, வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக வந்து நிற்கும். அடித்தவனைக் 'கண்ணு' என்று தடவிக்கொடுக்கும். அடிபட்டவளிடம் 'கொஞ்சம் அனுசரிச்சுப் போ அம்மணி' என்னும். நடுவில் காபி குடிக்கும். தர்மம் என்றால் சும்மாவா?

சோமனூர் தம்பிதுரை அந்த இனத்தில் அசல் சரக்கு. தொண்ணூற்றைந்தில் ஒருநாள், தறி ஓட்டும் பாப்பாயியின் கையை அவள் புருஷன் சீனிவாசலு முறித்துவிட்டான். மாதர் சங்கத்துப் பாவாத்தாள் பத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, புகார் கொடுக்க அவளை ஸ்டேஷனுக்கு அழைத்துப் புறப்பட்டாள். விடுவாரா இவர்? ஊர் மானம், குடும்ப மானம், தறிக்குடோன் மானம் அத்தனையையும் சுமந்துகொண்டு பஸ் ஸ்டாப்பில் போய் மறித்தார்.

"ரெண்டு கை தட்டுனாத்தானுங்க ஓசை" என்றார். பாப்பாயி மாவுக்கட்டுப் போட்ட தன் கையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"இனி அவன் கை நீட்ட மாட்டானுங்க. நான் பொறுப்புங்க."

பாவாத்தாள் யோசித்தாள். "பொறுப்புன்னு சொல்லிப்போட்டீங்க. அப்ப அவரை உங்க ஊட்டுலயே வெச்சுக்குங்க. பாப்பாயி அவ ஊட்டுல இருக்கட்டும். அவரு ஒழுங்கா இருந்தா புகாரே வேண்டாமுங்க."

அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியுமா? யாரைக் கண்டாலும் 'வாங்க' என்றே பழகிய வாய், "வரச் சொல்லுங்க" என்றுவிட்டது. சீனிவாசலு தலையணையோடு வந்து சேர்ந்தான்.

"உங்க விருந்தாளி, நீங்களே ஆக்கிப் போடுங்க" என்று மனைவி ராசாத்தாள் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டாள். தம்பிதுரை ரசம் வைத்தார். உப்பில்லை, கிண்ணம் பறந்தது. "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்றாள் ராசாத்தாள், திரும்பிப் பார்க்காமலே. மறுநாள் காபி ஆறிவிட்டது, டம்ளர் பறந்தது. அதற்கடுத்து, காரணமே இல்லாமல், கன்னத்தில் ஓர் அறை. நம்மவருக்கு வலியைவிட வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. 'நாம்தான் ஏதாவது தப்புப் பண்ணிப்போட்டமோ?' என்றுகூட யோசித்தார், பாவம்.

டிவிஎஸ் ஃபிஃப்டியை முடுக்கிக்கொண்டு பாவாத்தாளிடம் ஓடினார். "ஏனுங்க, உடனே புகார் எழுதணுமுங்க."

"எழுதலாமுங்க. முதல்ல பாப்பாயி கைக்கு. உங்க கன்னத்துக்கு அப்புறமுங்க."

பாப்பாயியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு அவரேதான் வண்டி ஓட்டினார்.

நீங்கள் அந்த இனமில்லை என்கிறீர்கள். சந்தோஷம். தம்பிதுரை அறை வாங்கியதும் 'அடப்பாவி!' என்றீர்களே, பாப்பாயி கை முறிந்தபோது என்ன சொன்னீர்கள்?