என் தோள் அளவும் அப்பாவின் தலையும்

அன்பும் கொஞ்சம் பயமும் கலந்த மரியாதைக்குரிய அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் எழுதுகிறேன். நீங்களும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் நலம் என்று அடுத்து எழுதுவதுதான் முறை. அந்த ஒரு வரிக்கு இங்கே இடம் விட்டிருக்கிறேன். ஸ்கேன் முடிவு வந்ததும் நிரப்புவேன். "அக்காவுக்கு மட்டும் போன் பண்ணிடாதே, வந்து நின்னு திட்டும்" என்று அப்பா சத்தியம் வாங்கிக்கொண்டார். கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்றுக் காலை அப்பா தையல்கடை ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டுக் குனிந்து நுழைந்தபோது அதன் விளிம்பில் நெற்றி இடித்துக்கொண்டது. ரத்தம் வரவில்லை. இஞ்ச் டேப்பை எடுத்துப் புடைப்பை அளந்து, "முக்கால் இஞ்ச்தான், இதுக்குப் போய்" என்றார். அம்மாதான் தெருமுனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர், "வேற ஆளா இருந்தா வீட்டுக்குப் போகச் சொல்லியிருப்பேன். நீங்க இதய வால்வுக்காக ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடறீங்க. சின்ன இடிதான், ஆனா உள்ளே மெதுவாக் கசிஞ்சா வெளியே தெரியாது, நல்லாப் பேசிக்கிட்டும் இருப்பீங்க. இப்பவே ஸ்கேன் எடுங்க" என்றார். அப்பாவோ, "முப்பத்திரண்டு சீருடை கிடக்கு சார், நாளைக்குப் பார்க்கலாம்" என்று எழுந்துவிட்டார். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் எது வந்தாலும் ஓடி வரச் சொன்னார். மணிக்கொரு தரம் கேள்வி கேட்டு, பதில் குழம்புகிறதா என்று பார்க்கவும் சொன்னார்.

நான் பள்ளிக்கு லீவு போட்டு, நோட்டும் பேனாவுமாகக் கடையில் உட்கார்ந்தேன். முதல் கேள்வி: உங்கள் மகள் எந்த வகுப்பு? "எட்டு." நான் பத்தாம் வகுப்பு, அத்தை. இன்று என்ன கிழமை? "சீருடை கொடுக்கிறதுக்கு முந்தின நாள்." இடிபடுவதற்கு முன்பும் அப்பா இப்படித்தான் என்பதால் இந்தக் கேள்விகளால் பயனில்லை என்று புரிந்தது. ஆனால் அளவு விஷயத்தில் அவர் தப்பியதே இல்லை. ஆகவே அளவு நோட்டைப் பிரித்து, கணக்கு டீச்சர் இடுப்பு, போஸ்ட்மேன் கழுத்து என்று மணிக்கொரு தரம் கேட்டேன். மெஷினை மிதித்துக்கொண்டே எல்லாம் சரியாகச் சொன்னார். இன்று காலை பத்து மணிக்கு என் தோள் அளவைக் கேட்டேன். "பதினாலு" என்றார். நோட்டில் பதின்மூன்றரை. மறுபடி கேட்டேன், மறுபடியும் பதினாலு. நோட்டைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். அம்மா மெஷினின் வாரையே கழற்றிவிட்டார். "ஐயோ, சீருடை!" என்று கத்திய அப்பாவை ஆட்டோவில் ஏற்றி இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம்.

ஸ்கேன் அறைக்குள் போகுமுன் அப்பா கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி என்னிடம் தந்தார். சும்மா இருக்க முடியாமல் அம்மா அதை வாங்கி என் தோளை அளந்தார். சரியாகப் பதினாலு. நோட்டிலிருந்தது போன வருடத்து அளவு. நான் வளர்ந்ததை அப்பா டேப் வைக்காமலே கண்ணால் பார்த்து வைத்திருக்கிறார். அவர் மூளையில் ஒரு குறையும் இல்லை. புத்தி தவறியது எனக்குத்தான். இத்தனை பேரை அலைய வைத்துவிட்டேன். நீங்கள் சிரமப்பட்டு வரவேண்டாம், அத்தை. மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எனக்கு வேண்டும், திட்டு அப்பாவுக்கு.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மருமகள்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். ஸ்கேனில் ஓரமாகச் சின்னதாக ஒரு கசிவு தெரிகிறதாம். பதில்கள் எல்லாம் சரியாக இருக்கும்போதே கசிந்திருக்கிறது. "இன்னும் ஒரு நாள் மெஷின் மிதிச்சிருந்தா என்ன ஆகியிருக்குமோ" என்றார் பெரிய டாக்டர். மாத்திரையின் வேகத்தை முறிக்க ஊசி போட்டு, வார்டில் படுக்க வைத்திருக்கிறார்கள். நாளை மறுபடி ஸ்கேன். சத்தியம் எதுவும் செய்யாத அம்மா உங்களுக்குப் போன் செய்துவிட்டார். நீங்கள் பஸ் ஏறிவிட்டதால் இதைக் கையிலேயே தருகிறேன். இப்போதுதான் நர்ஸ் வந்து அப்பாவிடம், "பொண்ணு என்ன படிக்குது?" என்று கேட்டார். "பத்தாவது" என்றார் அப்பா. "ஐயையோ, இவருக்கு இது தெரியாதே!" என்று அம்மா டாக்டரைக் கூப்பிட ஓடினார். அப்பா கண்ணை மூடியபடியே, "நேத்து முழுக்க பத்தாம் வகுப்பு நோட்டோட என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளே, தெரியாமலா போகும்?" என்றார். முதலில் விட்ட வரியை இன்னும் நிரப்பவில்லை, அத்தை. நீங்கள் வந்ததும் திட்டுங்கள், கொஞ்சம் மெதுவாக.