கொழும்புக்குப் போன புத்தகங்கள்

என் சகலை சதக்கத்துல்லாவின் பெயர் அச்சில் வந்த அன்று எனக்கு மூன்று வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை.

சகலை என்றால் என் மனைவி மெஹருன்னிசாவின் தங்கை புருஷன். எனக்குப் பின்னால் இந்தக் குடும்பத்துக்கு மாப்பிள்ளையாக வந்தவன். அவனுக்கு என்னைவிட முடி அதிகம், அதைக்கூட மன்னித்துவிட்டேன். ஆனால் 'சதக்கத்துல்லா சந்தங்கள்' என்று ஒரு பாட்டுப் புத்தகம் போட்டு, அட்டையில் தன் போட்டோவையும் போட்டுக்கொண்டான் பாருங்கள், அதை எப்படி மன்னிப்பது?

எங்கள் ஊரில் விருந்தென்றால் ஒரே சகனில், அதாவது ஒரே பெரிய தாம்பாளத்தில், சுற்றி உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வயிற்றெரிச்சல்காரனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. புத்தகம் வந்து ரெண்டு மாசம் கழித்து ஒரு விருந்தில் அவனும் நானும் ஒரே சகன்.

"சாப்பிடுங்க காக்கா," என்று கறித்துண்டை என் பக்கம் தள்ளினான். அண்ணன் என்ற மரியாதையாம்.

"புத்தகம் எப்படிப் போவுது?"

"ஒரு பிரதி பாக்கி இல்ல காக்கா. கொழும்புலேருந்து ஆர்டர் வந்துச்சு. மொத்தமும் போயிருச்சு."

கறித்துண்டைத் திரும்ப அவன் பக்கமே தள்ளிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மெஹருவிடம் சபதம் செய்தேன்.

"நானும் புத்தகம் போடப்போறேன்."

"என்ன புத்தகம் மச்சான்? சங்கு மண்டியில நீங்க எழுதுற கணக்கா?"

"நாவல். 'கொழும்புக் கப்பலில் கொலை'. மொத்தம் அஞ்சு கொலை. துப்பறியும் கதை."

"நீங்க கப்பல்ல போனதே இல்லையே."

"கொலையுந்தான் பண்ணுனதில்ல."

"சரி, எழுதுங்க. அந்த நேரமாச்சும் சதக்கத்துல்லா பேரு எங்காதுல விழாம இருக்கும்."

எழுதி முடித்து மதராசில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். நான் கட்டிய கட்டு, நான் போட்ட முடிச்சு, அப்படியே திரும்பி வந்தது. முடிச்சை அவிழ்க்காமலே, "தங்கள் நாவலை ஆழ்ந்து படித்தோம்" என்று மேலே எழுதியிருந்தார்கள்.

"அவன் கட்டா இருந்தா அவுத்திருப்பானுக," என்றேன்.

"அவரும் அங்கன அனுப்பித் திரும்பி வந்ததுதான். தங்கச்சி சொன்னா."

அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

பிறகு ராமநாதபுரம் போனேன். அங்கே அச்சகம் வைத்திருந்த வேதநாயகம் நேர்மையான மனுஷர். "காகிதம் உங்க பொறுப்பு, அச்சு எம்பொறுப்பு, விக்கிறது ஆண்டவன் பொறுப்பு," என்று முதலிலேயே சொல்லிவிட்டார். காகிதத்துக்காக என் சைக்கிள் போனது. அதன்பின் மண்டிக்குப் போக சகலையின் சைக்கிளில் பின்னால் உட்கார வேண்டியதாயிற்று. வழி நெடுகப் பாட்டு வேறு பாடினான்.

அவன் புத்தகத்தில் மூன்று பேர் வாழ்த்துரை எழுதியிருந்தார்கள். நான் விடுவேனா? நாலு பேரிடம் வாங்கினேன். நாலாவது ஆள் எங்கள் மண்டி முதலாளி. கதையை அவர் படிக்கவில்லை. "ஆசிரியர் நேரத்துக்கு வேலைக்கு வருபவர்" என்று எழுதிக் கொடுத்தார். அதையும் போட்டேன்.

பாதி அச்சில் வேதநாயகம் ஆள் அனுப்பினார். ஓடினேன்.

"அய்யா, உங்க கதையில கொழும்பு, கொலை, கொள்ளை, கொடூரம். எங்கிட்ட ஈய எழுத்துல கொம்பு அவ்வளவு கெடையாது. எட்டுப் பக்கம் அடிச்சுப் பிரிச்சு, மறுபடி கோத்து, மாளல. ஒரு கொலையக் கொறைச்சுக்கிருவமா?"

"யாரைக் காப்பாத்துறது?"

"மூணாவது ஆள். கடல்ல தவறி விழுந்துட்டாருன்னு முடிச்சிரலாம்."

முடித்தோம். நாலு கொலையோடு புத்தகம் வந்தது. முதல் பிரதியைக் கையில் வாங்கியபோது நிஜமாகவே கண் கலங்கியது. அட்டையில் போட்டோ உண்டு. சகலையின் போட்டோவைவிடப் பெரிசு.

விற்றதா? பஸ் நிலையத்துக் கடைக்காரர் பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்திருந்துவிட்டு, அட்டையில் டீ கிளாஸ் வட்டத்தோடு திருப்பிக் கொடுத்தார். இலவசமாக வாங்கிய நண்பர்கள் எங்கள் தெருப்பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். சதக்கத்துல்லா மட்டும் தினமும் சைக்கிள் மிதித்தபடி, "எத்தனை போச்சு காக்கா?" என்பான். "போயிக்கிட்டே இருக்கு," என்பேன். எனக்குச் சாப்பாடு போனது, தூக்கம் போனது.

மெஹரு பார்த்தாள். "மச்சான், எங்க ஹாஜா காக்காவுக்குச் சொல்லி விடவா?" அவள் அண்ணன் ஹாஜா முகைதீன் கொழும்பில் கடை வைத்திருக்கிறார்.

"அவன் புத்தகத்த வாங்குன கொழும்பு என் புத்தகத்த வாங்குமா?"

"அதே கொழும்புதான் மச்சான்."

பத்து நாள் கழித்துச் செய்தி சொன்னாள். "உங்க புத்தகம் கொழும்புக்கு மொத்தமா வேணுமாம். காசு பெறகு வருமாம். ஆளு சாயங்காலம் அசர் தொழுகை நேரத்துல வாரான். கட்டுகள எல்லாம் பின்வாசல்ல, முடுக்குப் பக்கம் வச்சிட்டு நீங்க பள்ளிவாசலுக்குப் போங்க."

முடுக்கு என்பது எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கும் சகலை வீட்டுப் பின்வாசலுக்கும் நடுவே ஓடும் சந்து. பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வரும் வழி. ஆம்பளை அதில் கால் வைக்க மாட்டான். கட்டுகளை அடுக்கிவிட்டுத் தொழப் போனேன். திரும்பி வந்தால் ஒன்றுகூட இல்லை.

தெருவைச் சுற்றிக்கொண்டு நேரே சகலை வீட்டுக்குப் போனேன்.

"ஒரு பிரதி பாக்கி இல்ல."

"மொத்தமுமா காக்கா?" அவன் முகம் போன போக்கைப் பார்க்கணுமே.

"கொழும்பு," என்றேன். அன்றைக்கு ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

மறுநாளே வேதநாயகத்திடம் ரெண்டாம் பதிப்புக்குச் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை அஞ்சு கொலையும். மெஹருவிடம் சொன்னதும் மாவு பிசைந்த கை நின்றது.

"வேணாம் மச்சான். கண்ணேறு பட்டுரும்."

"படட்டும். முதல்ல அவன் கண்ணு படட்டும்."

அவள் கையைக் கழுவிக்கொண்டு முடுக்கு வழியாகத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். காகிதம் வந்தால் வைக்க இடம் வேண்டுமே. ஏணி போட்டுப் பரணில் ஏறினேன். மூலையில் சாக்கு மூட்டைகள். ஒன்றைப் பிரித்தேன். உள்ளேயிருந்து சதக்கத்துல்லா சிரித்தான். அடுத்ததிலும் அவன்தான். அத்தனையும் சந்தங்கள்.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல. பெருநாளே வந்த மாதிரி இருந்தது. அப்போது மெஹரு உள்ளே வந்தாள்.

"இங்கன பாரு மெஹரு. அவன் கொழும்பு நம்ம பரண்லதான் கெடக்கு. இப்பவே அள்ளிட்டுப் போயி அவன் மூஞ்சிக்கு முன்னால கொட்டப்போறேன்."

"எறங்குங்க மச்சான். அவருக்கு ஒண்ணும் தெரியாது. கொழும்புக்குப் போச்சுன்னுதான் நெனச்சுக்கிட்டிருக்காரு. விக்கலைன்னு சோறு தண்ணி இல்லாமக் கெடந்தாரு, தங்கச்சி அழுதா. நாங்க ரெண்டு பேருந்தான் தூக்கிட்டு வந்தோம்."

"அப்ப ஒண்ணுகூட விக்கலையா?" எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏணி ஆடியது. "பாவம்டி. என் புத்தகம் நெசக் கொழும்புக்கே போயிருச்சு."

மெஹரு ஏணியைப் பிடித்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"துப்பறியும் கதையெல்லாம் எழுதுறீங்க. முடுக்குக்குள்ள எந்த ஆம்பளை மச்சான் வந்து கட்டு தூக்குவான்?"

சிரிப்பு நின்றது. "அப்ப... அவன் வீட்டுப் பரண்லயா?"

"நாலு கொலையும் பத்திரமா இருக்கு. ரெண்டு பேரும் எழுதாத நேரத்துல நல்ல மனுஷங்கதான். அதான்."

"அப்ப ரெண்டாம் பதிப்பு?" என்றேன், ஏணியில் நின்றபடியே.

"ரெண்டு பரணும் நெறஞ்சு போச்சு மச்சான். கொழும்புல இனி எடமில்ல."