ஆடு நக்கிய பாலம்

வாருங்கள் மக்களே, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உலக விஞ்ஞானமே நம் முட்டம் சாலையின் ஓடைப்பாலத்துக்குக் கடன்பட்டிருக்கிறது. அந்தக் கதையை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

பூங்கனி தினமும் அந்தப் பாலத்தின் வழியாக எட்டுப் பள்ளிப் பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றிப் போகிறவள். ஒரு மழை ஓய்ந்த நாளில் அவளுடைய ஆடுகள் புல்லை விட்டுவிட்டுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரை நக்கிக்கொண்டு நின்றன. அவளும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு! கடல் மணலில் கட்டியிருக்கிறார்கள். உள்ளே கம்பியெல்லாம் துருவாகியிருக்கும். பாலத்தை மூடச் சொல்லி மனு எழுதிக்கொண்டு நெடுஞ்சாலை அலுவலகத்துக்குப் போனாள்.

பொறியாளர் செல்வதாஸ் மனுவை மூன்று முறை படித்தார்.

"சாட்சி யாரு?"

"எனக்க ஆடு, சாரே."

"ஆடு என்ன படிச்சிருக்கு?"

"ஒண்ணும் படிக்கல்ல. அதுனாலதான் உள்ளதச் சொல்லுது."

படிக்காத சாட்சியை ஏற்க விதியில் இடமில்லை. ஆகவே, பதினான்கு மாதம் கழித்து, 'கையடக்க' துகள் முடுக்கி வந்து சேர்ந்தது. இரண்டு லாரி, ஒரு கிரேன்; யாருடைய கைக்கு அடக்கம் என்று யாரும் கேட்கவில்லை. புரோட்டான்களை விரட்டி ஒரு தகட்டில் மோதவிட்டால் நியூட்ரான்கள் தெறிக்குமாம். அவை காங்கிரீட்டுக்குள் நுழைந்து, எங்கே ஈரம், எங்கே உப்பு என்று துப்புச் சொல்லுமாம். அந்த இயந்திரத்தைச் செய்த விஞ்ஞானி ஆதிரா கெட்டிக்காரி. அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

கதிர்வீச்சு அல்லவா? இரண்டு பக்கமும் கயிறு கட்டினார்கள். காவலுக்கு ஆள் நிறுத்தினார்கள். "பொதுமக்களின் உயிரே எங்களுக்கு முக்கியம்!" என்று செல்வதாஸ் ஒலிபெருக்கியில் தழுதழுத்தார். இரண்டு மணி நேரம் ஒரு காக்கையைக்கூடப் பாலத்தில் உட்கார விடவில்லை.

நாலு மணிக்குப் பூங்கனி பிள்ளைகளோடு வந்து கயிற்றருகே ஆட்டோவை நிறுத்தினாள். ஆதிரா கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"எக்கா, உங்களுக்க ஆடு சொன்னது சரிதான். உப்பு கம்பி வரைக்கும் எறங்கியாச்சு. பாலத்த இப்பமே மூடணும்."

செல்வதாஸ் கைதட்டினார். "அருமை! இயந்திரம் வேல செய்யுதுன்னு தெளிஞ்சாச்சு. ஏலே, கயித்த அவுத்து விடு!"

"அவுக்கண்டாம் சாரே! மூடுனது மூடுனதாவே கிடக்கட்டும்."

"கதிர்வீச்சுக்குத்தான் மூடுனோம் பூங்கனி. அது போயாச்சு. பாலம் விழுமுன்னு மூட நமக்கு உத்தரவு இல்ல. வண்டிய எடு, ஜீப்பு போகணும்."

பூங்கனி ஆட்டோவை ஓரமாக ஒதுக்கினாள்.

"போங்க சாரே. நீங்க அந்தக் கரை சேந்த பொறவு பிள்ளையளு வரட்டும்."

செல்வதாஸ் பாலத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். ஆட்டோவிலிருந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்த எட்டு முகங்களை மட்டும் பார்க்கவில்லை. ஓட்டுநரின் காதருகே குனிந்து, "சுசீந்திரம் வழியா சுத்திப் போவோம், என்னா?" என்றார்.

ஜீப் திரும்பியது. அதன் பின்னாலேயே ஆட்டோவும் திரும்பியது.

பாலம் இன்றைக்கும் திறந்தே இருக்கிறது மக்களே. உள்ளே இருப்பதை ஊருக்கே வெட்டவெளிச்சமாக்கிய இயந்திரம் வாழ்க. தெரிந்த பிறகு தன் உயிரை மட்டும் சுற்றுவழியில் கொண்டுபோன கடமையுணர்ச்சியும் வாழ்க. உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் போகிற பாலத்தில், அதைத் திறந்துவிட்டவர்களின் பிள்ளைகளும் தினமும் போகட்டும். அப்போது எல்லாப் பிள்ளைகளும் பத்திரமாக வீடு வந்து சேருவார்கள்.