விலக்கு பாய் வரி கட்டிய கதை

உலகத்தில் யாரிடமும், எதற்கும், எந்த நேரத்திலும் விலக்கு கேட்கத் தெரிந்த ஒரே மனிதர் மரக்காணத்தில்தான் இருக்கிறார். அவருடைய நிஜப் பெயர் ஆதார் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு அவர் விலக்கு பாய்.

பஸ்ஸில் ஏறினால், "நான் நின்னுக்கினுதானே வர்றேன், சீட்டுல உக்காரவே இல்லியே, பாதி டிக்கெட் போடுப்பா" என்பார். முன்மண்டையில் வழுக்கை விழுந்த நாள் முதல் சலூனில் அரைக் கூலிக்கு வாதாடி வந்தார். திண்டிவனத்துப் பல் டாக்டரிடம், பல்லில் பாதி ஏற்கெனவே உடைந்து விழுந்துவிட்டதால் மிச்சப் பாதியைப் பிடுங்கியதற்கு மட்டும்தான் பணம் தர முடியும் என்று வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே சட்டம் பேசினார். கண்டக்டர், சலூன்காரர், டாக்டர் யாரும் ஒரு பைசா குறைத்ததில்லை. அதில் பாய்க்கு வருத்தமும் கிடையாது.

"கேக்கறது நம்ம வேல சார். குடுக்கறதும் குடுக்காததும் அவங்க இஷ்டம்" என்பார்.

நான் அந்த ஊர் வங்கிக் கிளை ஒன்றில் வேலை பார்த்தேன். பாயின் கடை மாடியில் குடியிருந்தேன். அவர் கணக்கு வைத்திருந்ததும் எங்கள் கிளையில்தான். மாதம் பிறந்து என்னிடம் வாடகை வாங்கும் அந்த ஒரு நாள் மட்டும் விலக்கு என்ற சொல்லே அவருக்கு மறந்து போகும்.

பாய் விற்றது படுதா. உப்பளத்தில் அள்ளிக் குவித்த உப்பை மழைக்கு மூடி வைக்கிறார்களே, அந்தப் பிளாஸ்டிக் படுதா. உப்புக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். உண்மைதான். சொன்னவர் அதோடு நிறுத்தியிருக்கக் கூடாது. படுதாவுக்கு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லாமல் போனதால் மீதிச் சட்டத்தைப் பாயே இயற்றிக்கொண்டார். உப்புக்கு வரி இல்லை என்றால் உப்பை மூடுவதற்கும் வரி இல்லை. தீர்ந்தது விஷயம்.

சட்டத்தில் ஓட்டை எதுவும் இருந்துவிடக் கூடாது என்று ஒரு சடங்கும் வைத்திருந்தார். லாரியிலிருந்து படுதாக் கட்டு இறங்கியதும், கடை வாசலில் இருக்கும் டப்பாவிலிருந்து ஒரு பிடி உப்பை எடுத்து அதன் மேல் தூவுவார். "உப்பு பட்டுச்சா? இனிமே இதுவும் உப்புதான் சார்." பிறகு போனை எடுத்து, இந்த மாதம் வியாபாரம் எதுவும் இல்லை என்று அரசாங்கத்துக்கு ஒரு மெசேஜ் தட்டிவிடுவார். பின்னால் அடுத்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.

வருஷக்கணக்கில் இப்படியே போயிற்று. ஆனால் இவருக்குப் படுதா விற்ற கம்பெனிகள் இவர் ஜி.எஸ்.டி. நம்பரைப் போட்டு ஒழுங்காகக் கணக்குக் காட்டியிருந்தன. அரசாங்கத்துக் கம்ப்யூட்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. அதற்கு உப்பு தூவியது தெரியாது, பாவம். வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து நோட்டீஸ் வந்தது. கெடுவுக்குள் பதில் இல்லையென்றால் வங்கிக் கணக்கை முடக்குவோம் என்று கீழே எழுதியிருந்தது. அந்த உத்தரவு வந்தால் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டிய கை என்னுடையது. நான் நோட்டீஸை மறுபடி முதலிலிருந்து படித்தேன். பாயோ, "வட்டிக்காவது விலக்கு உண்டுல்ல சார்?" என்றார்.

பாயின் சொந்தப் பணம் மட்டும் என்றால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அது புரட்டாசிக் கடைசி. உப்பளக்காரர்கள் புதுப் படுதாவுக்கு முன்பணம் கொடுத்திருந்தார்கள். அது அத்தனையும் அதே கணக்கில் இருந்தது. கணக்கு முடங்கினால் சரக்கு வராது. சரக்கு வருவதற்குள் மழை வந்தால், வெயிலில் நின்று வாரிய உப்பு கரைந்து வந்த வழியே கடலுக்குப் போய்விடும்.

குத்தகைக்கு உப்புப் பாத்தி எடுத்திருந்த தனகோடி தினமும் கடைக்கு வந்து நின்றாள். "இன்னா பாய், வானம் கறுத்துக்கினு வருது. படுதா எப்போ வரும்?"

"வரும்மா. இன்ஷா அல்லா, வந்துரும்."

"நீ சொல்ற வரைக்கும் மழ நிக்குமா? குத்தகக் காசு கூட இன்னும் அடையல பாய். அந்தக் குவியல் போச்சுன்னா நான் ஊர வுட்டுத்தான் போவணும்."

அவள் போன பிறகு பாய் வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, "யா அல்லா, இந்த வருஷம் எங்க பக்கத்துக்கு மட்டும் விலக்கு குடு" என்று முணுமுணுத்தார். முதல் தடவையாக அவர் கேட்டதில் சிரிப்பு வரவில்லை.

இந்த நிலையில்தான் போனில் ஒரு விளம்பரம் அவர் கண்ணில் பட்டது. வரி பாக்கியா, எங்களிடம் விட்டுவிடுங்கள் என்றது. கம்பெனி பெயர் சர்வமுக்தி டாக்ஸ் ரிலீஃப். மறுநாளே சென்னையிலிருந்து ஒருவர் காரில் வந்து இறங்கினார். மரக்காணத்துப் புழுக்கத்தில் கழுத்தில் டை கட்டியிருந்தார். ஒன்று, அவர் ரொம்பப் பெரிய மனிதராக இருக்க வேண்டும், அல்லது ரொம்பப் பெரிய திருடராக இருக்க வேண்டும்.

நோட்டீஸைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் முக்திக்காரர் தீர்ப்பு சொன்னார். "தொண்ணூறு பர்சென்ட் தள்ளுபடி கேரண்டி சார். மேல நம்ம ஆளுங்க இருக்காங்க. நீங்க டிபார்ட்மென்ட் பக்கமே போகாதீங்க, பதிலும் போடாதீங்க. பாஸ்வேர்டைக் குடுங்க, ஓ.டி.பி. வந்தா சொல்லுங்க. பீஸ் மட்டும் முன்னாடியே கட்டிடணும்."

தள்ளுபடி என்ற சொல்லைக் கேட்டதும் பாயின் முகம் பெருநாள் காலை மாதிரி ஆகிவிட்டது. பீஸ் தொகையைக் கேட்டேன். உப்பளக்காரர்களின் முன்பணம் மொத்தத்தையும் வழித்து எடுத்தால் சரியாக இருக்கும். பாயைத் தனியே இழுத்துப் போய், நோட்டீஸைப் படிக்காமலே கேரண்டி கொடுப்பவனை நம்பாதீர்கள், பாஸ்வேர்டைக் கொடுப்பதும் கடைச் சாவியைக் கொடுப்பதும் ஒன்று என்று தொண்டை வறளச் சொன்னேன்.

"சார், நீங்க பேங்க்காரரு. அடுத்தவனுக்கு விலக்கு கெடைச்சா உங்களுக்கு வயிறு எரியும்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் முக்திக்காரருக்கு எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்று தெரியாது. பாய் பேனாவைத் திறந்தார், செக்கில் தேதி போட்டார், நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க பீஸ்ல எனக்கு என்ன விலக்கு?"

"பீஸ் ஃபிக்ஸட் சார்."

"கவர்மென்ட்டே தொண்ணூறு கொறைக்கிது. நீங்க ஒண்ணும் கொறைக்க மாட்டீங்களா?"

"சரி, உங்களுக்காகப் பத்து பர்சென்ட்."

பாயின் பேனா நின்றது. "உப்பளக்காரங்க காசு சார். பாத்துப் பண்ணுங்க."

"இருபது."

"நான் வயசானவன்."

"பாதி குடுங்க, போதும்."

"இன்னிக்கி வெள்ளிக்கெழம."

"சரி சார், கால் பங்கு. அதுக்கு மேல முடியாது. அட்வான்ஸா எவ்ளோ இருக்கோ அதைக் குடுங்க, ஜிபேல கூடப் போடலாம்."

பாய் செக் புத்தகத்தை மூடினார். டையைப் பார்த்தார், காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, "தம்பி, கெளம்பு" என்றார்.

முக்திக்காரர் காரைத் திருப்பிக்கொண்டு போகும்வரை பாய் வாசலில் நின்று பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "வாழ்க்கை பூரா கேட்டுக்கினு இருக்கேன் சார். ஒருத்தன் கூடக் குடுத்தது கெடயாது. இவன் கேக்கக் கேக்கக் குடுக்குறான். அப்போ இவன் திருடன்தானே?"

நான் படித்துப் படித்துச் சொன்னது ஏறவில்லை. டிக்கெட் குறைக்காத கண்டக்டர்கள் பாயைக் காப்பாற்றினார்கள்.

திங்கட்கிழமை அவரைத் திண்டிவனம் வரி அலுவலகத்துக்கு நானே கூட்டிப்போனேன். அங்கே இருந்த பெண் அதிகாரி நோட்டீஸை முழுவதும் படித்தார். அதுவே எனக்கு ஆறுதலாக இருந்தது. பாய் தன் வழக்கை எடுத்து வைத்தார். "மேடம், கைக்குழந்தைக்கு பஸ்ல டிக்கெட் இல்ல. அது போட்டுக்கினு இருக்கற சட்டைக்கு டிக்கெட் கேப்பீங்களா? உப்புதான் கொழந்த, படுதாதான் சட்ட."

அதிகாரி சிரிக்கவில்லை. "அந்தச் சட்டைய கடையில வாங்கினப்போ வரி கட்டித்தானே வாங்குனீங்க?"

பாய் குழந்தை வழக்கை அதோடு மூடிவிட்டார். ஆனாலும் விடவில்லை. வட்டியில் விலக்கு கேட்டார். இல்லை என்றார் அந்த அம்மா. அபராதத்தில் கேட்டார். இல்லை. மொத்தமாகக் கட்ட முடியாது என்று எழுதிக் கொடுத்தால், மாதத் தவணைக்கு மேலே அனுப்பிப் பார்க்கலாம், அதற்கும் வட்டி உண்டு, கிடைக்கும் என்று இப்போதே சொல்ல மாட்டேன் என்றார்.

வெளியே வந்ததும் பாய் முகம் தெளிந்திருந்தது. "ஒண்ணுத்துக்குமே ஒத்துக்கல சார். இந்த அம்மாவ நம்பலாம்."

தவணை கிடைத்தது. கணக்கு முடங்கவில்லை. படுதா வந்து இறங்கியது, உப்பு டப்பா மூடியே கிடந்தது. மழை பிடிப்பதற்கு முன்னால் ஒரு பகல் முழுக்கப் பாயே உப்பளத்தில் முழங்கால் சேற்றில் நின்று, தனகோடியின் குவியலுக்குக் கயிறு இழுத்துக் கட்டினார். பிறகு தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வரி போட்டு ஒரு பில்லை நீட்டினார்.

"இன்னா பாய் இது? உப்புக்குத்தான் வரி இல்லியே, எனக்கு விலக்கு குடேன்" என்றாள் தனகோடி.

"உன் கொழந்த சட்டைய வரி கட்டித்தானே வாங்குன?" என்றார் பாய். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

கடைசித் தவணையை அவர் கட்டிய அதே வாரம் எனக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்ற வேன் வந்தது. திரும்பும்போது காலியாகத்தானே வரும், பாதி வாடகை வாங்கிக்கொள் என்று பாய் டிரைவரிடம் வாதாடி, வழக்கம்போல் தோற்றார். அப்புறம் கடைக்குள் போய்ப் புதுப் படுதா ஒன்றை எடுத்து வந்து என் சாமான்கள் மேல் போட்டுக் கட்டினார். பர்ஸை எடுத்தேன்.

"வேணாம் சார். உங்களுக்கு விலக்கு. வரிய நான் கட்டிக்கறேன்."

"கேக்காமலே விலக்கு குடுக்கறீங்களே பாய், அப்போ நீங்க யாரு?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"இந்த மாத்தலுக்கு விலக்கு கேட்டுப் பாத்தீங்களா சார்?"

"கேட்டேன் பாய். தரமாட்டேன்னுட்டாங்க."

"அப்போ நல்ல ஆபீஸுதான்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏற்கெனவே இறுகியிருந்த முடிச்சை அவிழ்த்து, முதலிலிருந்து மறுபடி கட்ட ஆரம்பித்தார். டிரைவர் நேரமாகிறது என்றார். எனக்கும் கிளம்ப மனசில்லை. கயிற்றின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.