மிஸ்டர் இஞ்சாருங்கோ

"இஞ்சாருங்கோ, இஞ்ச ஒரு சத்தமும் இல்லை. எனக்குத் தலையிடிக்குது."

மனைவி வாய்லான் இப்படிச் சொன்னபோது தியாகலிங்கம் யன்னலடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் இருந்த தேநீர்க் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் அப்படியே நின்றுவிட்டது. பயந்தது நடந்துவிட்டது. வீடு மாறி இரண்டாவது கிழமையிலேயே மனுசி சிணுங்கத் தொடங்கிவிட்டாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. ஹொங்கொங்கில் பிறந்தவள். கீழே மீன்சந்தை, மேலே தையல் தொழிற்சாலை, நடுவில் அவள் வீடு. கனடாவுக்கு வந்து பார்க்டேலில் ஆங்கிலம் படிக்கப் போன இடத்தில் தியாகலிங்கத்தைக் கண்டாள், கட்டினாள், ஸ்காபரோவில் ஓர் உச்சிமாடி வீட்டில் குடியேறினாள். மண்ணில் கால் வைத்து அவள் நடந்தது பஸ் தரிப்புக்குப் போகும்போது மட்டும்தான்.

கலியாணப் பேச்சு வந்தபோது தியாகலிங்கத்தின் அக்கா யோகமலர் பெயரைக் கேட்டுவிட்டு, "வாய்லானோ? வாயில்லாத பிள்ளை எண்டால் நல்லதுதானே" என்று தலையாட்டினார். பிறகு அந்த வாய் யோகமலரிடமே தமிழ் படித்து, யோகமலருக்கே பதில் சொல்லியது. ஆனால் படித்தது மரியாதைத் தமிழ் மட்டும். புருசனைப் பெயர் சொல்லாமல், 'இங்கே பாருங்கள்' என்ற கருத்தில் "இஞ்சாருங்கோ" என்று கூப்பிடுவாள். பஸ்ஸைக் கண்டாலும் "வாறார்" என்பாள்.

அப்படிப்பட்டவளை ரூஜ் ஆற்றுக்கு அப்பால், சரளை ரோட்டோரம், சோளக்காட்டு நடுவில் இருந்த பழைய பண்ணைவீட்டுக்குக் கொண்டுவந்தது தியாகலிங்கம்தான். அவர் வேலை செய்த கதவுத் தொழிற்சாலையை அந்தக் குளிர்காலத்தில் மூடிவிட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம், எங்கே போய்க் கேட்டாலும் ஆள் வேண்டாம் என்றார்கள். கத்தரியும் மிளகாயும் வைத்துத் தமிழ்க் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று அவர் முடிவெடுத்தார்.

"எங்கட பரம்பரையே தோட்டக்காரர்" என்று மனைவியிடம் சொன்னார். பரம்பரை தோட்டம் செய்தது உண்மை. தியாகலிங்கம் யாழ்ப்பாணப் பட்டணத்தில் புடவைக்கடையில் சீலை விரித்துக் காட்டியவர்.

யோகமலர் அப்போதே சொல்லிவிட்டார். "தம்பி, இலை உதிர முந்தி உவள் ஓடி வந்திடுவாள். பின்னால நீயும் வருவாய். பேஸ்மென்ட் அறையை நான் ஆருக்கும் குடுக்கேல்லை."

அந்தப் பேஸ்மென்ட் அறை தியாகலிங்கத்தின் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. அதனால்தான் முதற்கிழமை முழுவதும் அவர் வீட்டைவிட்டு அசையாமல் யன்னலடியிலேயே இருந்தார். புது இடத்தில் பெண்பிள்ளைக்கு ஓர் ஆண்துணை வேண்டும் அல்லவா? வாய்லான் தன் பேக்கரி வேலைக்குக் காரில் போய்த் திரும்பி வந்தபோதெல்லாம் ஆண்துணை அதே கதிரையில், அதே ரோட்டைப் பார்த்தபடி இருந்தது.

இப்போது தலையிடி வந்துவிட்டது. ஏதாவது செய்தாக வேண்டும். தியாகலிங்கம் சப்பாத்தை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக் கிளடிஸிடம் போனார்.

கிளடிஸ் எழுபது வயது வெள்ளைக்காரி. புருசன் போன பிறகும் மாடுகளைத் தனியே பார்த்துக்கொள்கிறவர். றப்பர் சப்பாத்தோடு பிறந்தவரைப் போல நடப்பார்.

"என்ர மனுசி சிற்றி ஆள்" என்று தியாகலிங்கம் தொழிற்சாலையில் பழகிய ஆங்கிலத்தில் விளக்கினார். "சத்தமில்லாமல் அவவால இருக்க ஏலாது. இஞ்ச பழக்கியெடுக்க நீங்கள்தான் உதவி செய்யவேணும். நான் வந்து கேட்டது அவவுக்குத் தெரியவேண்டாம்."

கிளடிஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஏனோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"கோழி வளருங்கோ, மிஸ்டர் இஞ்சாருங்கோ" என்றார்.

வாய்லான் கூப்பிடுவதைக் கேட்டு அதுதான் பெயர் என்று நினைத்துவிட்டார் போலும். திருத்தினால் கோழி கிடைக்காமல் போகலாம் என்று தியாகலிங்கம் விட்டுவிட்டார்.

ஆறு பேட்டுக்கோழியும் ஒரு சேவலும் வந்தன. பழைய பலகைகளை அடித்து அவரே ஒரு கூடு கட்டினார். மூன்று ஆணி பலகைக்குள் போனது, இரண்டு ஆணி வளைந்தது, சுத்தியல் ஒருமுறை பெருவிரலில் விழுந்தது. வாய்லான் வாசலில் நின்று, "வாங்கோ, உள்ள வந்து இருங்கோ" என்று கோழிகளை வரவேற்றாள். சேவல் விடியற்காலையைத் தவிர்த்து மற்ற எல்லா நேரமும் கூவியது. தலையிடி போய்விட்டது.

மறுநாள் காலை தியாகலிங்கம் எழுந்து பார்த்தபோது கூட்டின் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. கோழிகள், முந்தினநாள் அவர் முற்றத்தில் நட்ட கத்தரி நாற்றுக்குள் நின்றன. நாற்று கோழிகளுக்குள் போயிருந்தது.

"முத்தம் மொட்டையாய்ப் போச்சு" என்றாள் வாய்லான். "பாக்க எனக்கு அழுகை வருது."

"அழாதையும். நான் இருக்கிறன்."

புது நாற்று நட்டார். சுற்றிவர வேலி போட்டார். கட்டை நட்டு, கம்பி இழுத்து, உள்ளங்கையெல்லாம் கொப்புளம். பொழுது சாயும்போது கடைசி ஆணியை அடித்துவிட்டு நிமிர்ந்தார். சிங்காரமான வேலி.

குசினி யன்னலால் வாய்லான் எட்டிப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, நீங்கள் எப்பிடி வெளிய வாறது?"

தியாகலிங்கம் வேலிக்கு உள்ளே நின்றார். படலை வைக்க மறந்துவிட்டார்.

அடுத்த நாள் படலை வைத்தார். அதற்கு அடுத்த காலையில் கூட்டுக் கதவும் திறந்திருந்தது, படலையும் திறந்திருந்தது. இரண்டாம் நாற்றும் முடிந்தது.

"றக்கூன்தான்" என்றார் தியாகலிங்கம். "இராவிலை வந்து களவெடுக்கிற மிருகம், உதுக்கு மனுசர் மாதிரிக் கை இருக்கு."

கொளுக்கி போட்டார், கழன்றிருந்தது. சங்கிலி போட்டார், அவிழ்ந்திருந்தது. சங்கிலிக்கு மேல் கம்பியை முறுக்கி விட்டார். விடிந்து பார்த்தால் கம்பி வடிவாகச் சுருட்டப்பட்டு, ஒரு கல்லின்மேல் வைக்கப்பட்டிருந்தது.

"படிச்ச றக்கூன்" என்றார் தியாகலிங்கம் வியப்போடு. ஒவ்வொரு காலையும் ஓடித் திரியும் கோழிகளைப் பிடித்து அடைக்க அவருக்கு மத்தியானம் ஆகிவிடும். அதற்குப் பிறகு புதுக் கொளுக்கி, புது நாற்று, புது வேலி.

"ஆரோ கள்ளர் வாறார் போல" என்றாள் வாய்லான். "எனக்குப் பயமாயிருக்கு."

பயம் என்ற சொல்லைக் கேட்டதும் தியாகலிங்கத்துக்குப் பேஸ்மென்ட் அறை கண்ணுக்குள் வந்தது. மறுபடியும் கிளடிஸிடம் ஓடினார். கிளடிஸ் இந்தமுறை ஒரு வாத்தைக் கொடுத்தார். சாதாரண வாத்து அல்ல. இடுப்பளவு உயரம், வெள்ளை நிறம், பாம்பு மாதிரிக் கழுத்து, பொலிஸ்காரப் பார்வை.

"நாயை விடத் திறமான காவல்" என்றார் கிளடிஸ்.

காவல் திறம்தான். யாரை என்பதுதான் கேள்வி. கூட்டைத் திறக்கும் றக்கூனைப் பார்த்து அந்த வாத்து ஒருநாளும் ஒரு சத்தம் போடவில்லை. தியாகலிங்கம் வாசற்படியில் காலை வைத்தால் மட்டும் செட்டையை விரித்துக்கொண்டு சீறியது. முதல்நாள் அவர் தண்ணீர்ப் பீப்பாவின் மேல் ஏறி நின்றார். வாய்லான் வேலை முடிந்து வரும்வரை அங்கேதான் நின்றார்.

"அண்ணை, கொஞ்சம் தள்ளுங்கோ" என்று வாய்லான் சொன்னாள். வாத்து மரியாதையாய்த் தள்ளிப் போனது.

மனுசிக்கு முன்னால் இது பெரிய மானக்கேடு. தியாகலிங்கம் கிளடிஸின் கொட்டிலுக்குப் போய் வாத்துப் பிடிக்கப் படித்தார். ஒரு கையால் கழுத்தை மெல்லப் பிடிக்கவேண்டும். மறுகையால் செட்டை இரண்டையும் சேர்த்து அணைத்துக் கக்கத்தில் செருகவேண்டும். கடி வாங்கினார், சேற்றில் விழுந்தார், எழும்பினார். ஒருநாள் வாத்து அவர் கக்கத்துக்குள் அடங்கி, "சரி, போ" என்பதுபோலக் கண்ணை மூடியது.

கோடை இப்படி ஓடியது. வாய்லானின் முறைப்பாடு மட்டும் ஓயவில்லை. ஒருநாள் இலையான் மொய்க்குது என்பாள், ஒருநாள் சேறு என்பாள், ஒருநாள் கொட்டில் கூரை சரிந்து கிடக்கிறது, பார்க்கவே மனம் சரியில்லை என்பாள். தியாகலிங்கம் ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டே வந்தார். கூட்டுக் கதவு இன்னும் விடியமுந்தித் திறந்துதான் கிடந்தது, ஆனால் கோழி நுழையாத புது வேலிக்குள் கத்தரியும் மிளகாயும் காய்த்தன. கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை, கயிறு கட்டிக்கொண்டார். வேலிக்கம்பி இழுக்கும்போது வாய் தானாகச் சீட்டி அடித்தது. யன்னலடிக் கதிரையில் ஒரு பேடு அடைகிடந்தது. அதை எழுப்ப அவருக்கு நேரம் இல்லை.

ஓகஸ்ட் மாதம் யோகமலர் டெலிபோன் எடுத்தார்.

"என்ன தம்பி, உவள் எப்பிடி?"

"இன்னும் கொஞ்சம் முறைப்பாடுதான் அக்கா. ஆனால் பழக்கிப்போடுவன்."

"நீ கிழிச்சாய். ஞாயிற்றுக்கிழமை நானும் அத்தானும் வாறம். பாவம் அந்தப் பிள்ளை. எங்கட வானுக்குள்ள சாமானோட ஏத்திக்கொண்டு போறம்."

ஞாயிறு வந்தது. கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்தார்கள். யோகமலர் காஞ்சிபுரம் உடுத்தியிருந்தார். அவருடைய கணவர் இராஜரட்ணம் வெள்ளை வேட்டி, பட்டுச் சால்வை. வான் வண்டியின் பின்பக்கம் வாய்லானின் சாமான்களுக்காகக் காலியாக இருந்தது.

இராஜரட்ணம் இறங்கி, "இதென்ன தியாகு, சனநடமாட்டமே இல்லை" என்று வாய் திறந்தார். சனம் இல்லாத குறையைத் தீர்க்க வாத்து வந்தது.

வாத்து வேட்டித் தலைப்பைக் கவ்வியது. இராஜரட்ணம் ஒரு பக்கம் இழுத்தார், வாத்து மறுபக்கம் இழுத்தது. கொஞ்ச நேரத்தில் வேட்டி வாத்திடம் இருந்தது. இராஜரட்ணம் கட்டைக் காற்சட்டையோடு வானின் கூரைமேல் இருந்தார். அந்தச் சத்தத்தில் சேவல் பறந்து போய் யோகமலரின் கொண்டையில் குந்தியது.

"ஐயோ, தம்பி! ஆரையும் கூப்பிடு! பொலிசைக் கூப்பிடு!"

தியாகலிங்கம் தோட்டத்துக்குள் இருந்து வந்தார். அவசரப்படவில்லை. மிளகாய்க் கூடையை இறக்கி வைத்தார். அக்காவின் கொண்டையில் இருந்த சேவலைப் பூப்பறிப்பதுபோல் எடுத்துக் கீழே விட்டார். "பா, பா" என்று ஒரு குரல் கொடுத்தார். ஆறு பேடும் வரிசையாய் ஓடிவந்து கூட்டுக்குள் போயின. பிறகு வாத்துக்கு முன்னால் போய் நின்றார். அது சீறியது. அவர் ஒரு கையால் கழுத்தை, மறுகையால் செட்டையை, ஒரே வீச்சில் பிடித்துக் கக்கத்தில் செருகினார். கழுத்தை விட்ட கையால் வேட்டியை எடுத்து உதறி மேலே நீட்டினார்.

"அத்தான், உடுத்துக்கொண்டு இறங்குங்கோ. ஒண்டும் செய்யாது."

வாய்லான் படியில் நின்று கைதட்டினாள். அவள் முகம் பூரித்துப் போயிருந்தது. யோகமலர் தன் தம்பியைப் புதிதாய்ப் பார்ப்பதுபோல் பார்த்தார். கருத்து, இறுகி, நிமிர்ந்து, கக்கத்தில் வாத்தோடு நின்ற அந்த மனுசனை அவருக்கு மட்டுக்கட்ட முடியவில்லை.

மத்தியானம் கத்தரிக்காய்க் கறி, பச்சைமிளகாய்ச் சம்பல், முட்டைப் பொரியல். எல்லாம் வளவில் விளைந்தது. இராஜரட்ணம் மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

கைகழுவியதும் யோகமலர் மெதுவாகக் கேட்டார். "பிள்ளை, வெளிக்கிடன். சாமான் எங்க?"

தியாகலிங்கத்தின் ஒரு கோடைகால உழைப்பு முழுவதும் அந்தப் பதிலில் தொங்கியது.

"மச்சாள், நான் வரேல்லை" என்றாள் வாய்லான். "எனக்கு இஞ்சதான் சந்தோசம். பேஸ்மென்ட்டை வாடகைக்கு விடுங்கோ."

தியாகலிங்கத்துக்கு எழும்பி ஆடவேண்டும்போல் இருந்தது. "பாத்தீங்களோ அக்கா!" என்றார். "மாடியிலை பிறந்து மாடியிலை வளந்த ஆள். ஒரு கோடைக்குள்ள பழக்கிப்போட்டன்!"

யோகமலர் போகும்போது ஒரு பெட்டி கத்தரிக்காயும் முட்டையும் ஏற்றிக்கொண்டார். வானின் கண்ணாடியை இறக்கி, குரலைத் தாழ்த்தி, "தம்பி, உந்தப் பக்கம் வேற வீடு ஏதும் வாடகைக்கு வருமோ?" என்று மட்டும் கேட்டார்.

வான் மறைந்ததும் தியாகலிங்கம் மீந்த கறியை ஒரு பாத்திரத்தில் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்தார். வெற்றியைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். நன்றி சொல்ல வேண்டிய ஆளும் அவர்தான். கிளடிஸ் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றார்.

"கிளடிஸ், வெற்றி! என்ர மனுசி இனி எங்கையும் போகமாட்டா. வடிவாப் பழகிவிட்டா. எல்லாம் உங்கட உதவி."

கிளடிஸ் வாளியை வைத்துவிட்டு, அவருடைய காய்ப்பேறிய கைகளையும் கயிறு கட்டிய இடுப்பையும் பார்த்தார். நெடுநாளாய் அடக்கி வைத்த சிரிப்பு அவரிடமிருந்து பொங்கி வந்தது.

"அப்ப, மிஸ்டர் இஞ்சாருங்கோ, இனி நான் விடியமுந்தி வந்து உங்கட கோழிக்கூட்டைத் திறந்துவிடத் தேவையில்லை எண்டு மனுசியிட்டைச் சொல்லிவிடுங்கோ, 'வேலை போனதிலயிருந்து என்ர மனுசன் யன்னலடியிலயே கிடக்கிறார், அவரை ஒரு நிமிசமும் சும்மா இருக்க விடாதேங்கோ' எண்டு முதல் கிழமையே வந்து கேட்டது அவதானே!"